போர்டு நல்லது, பெட்டிதான் சரியில்லை: ஈஎஸ்பி32 தொடக்கப் பெட்டி வாங்கிய அனுபவம்

முதலில் என்ன வாங்கினேன் என்று சொல்லிவிடுகிறேன். ஈஎஸ்பி32 போர்டு ஒன்று (புரோகிராம் ஏற்றி ஓட்டும், வைஃபை உள்ள சின்ன சர்க்யூட் பலகை), மண்ணின் ஈரம் பார்க்கும் சென்சார் ஒன்று, ரிலே (பம்பை ஓட்டவும் நிறுத்தவும் ஒரு சுவிட்ச்), கட்டைவிரல் அளவுக்கு ஒரு தண்ணீர் பம்ப், ஒரு முழம் ரப்பர் குழாய், பிரெட்போர்டு (சோல்டர் இல்லாமல் வயர் செருகும் பலகை), ஜம்பர் வயர்கள், பஸ்ஸர் (பீப் சத்தம் போடுவது), யுஎஸ்பி கேபிள், நான்காக மடித்த ஒரு தாள். எல்லாம் ஒரு பிளாஸ்டிக் பெட்டியில், இணையத்தில் 89 மலேசிய வெள்ளி, அனுப்பும் கூலி தனி. "செடிக்குத் தானே தண்ணீர் ஊற்றும் கருவி, முன் அனுபவம் தேவையில்லை, 30 நிமிடத்தில் தயார்" என்று விளம்பரத்தில் போட்டிருந்தார்கள். விற்றவரின் பெயரை எழுதப் போவதில்லை. இதே மாதிரி பெட்டியை வேறு வேறு பெயரில் பலர் விற்கிறார்கள், நான் சொல்வது அவர்கள் எல்லோருக்கும்தான்.

அந்த 30 நிமிட வேலைக்கு எங்களுக்கு மூன்று இரவும் ஒரு சனிக்கிழமை முழுவதும் பிடித்தது. போர்டில் கோளாறு இல்லை, சென்சாரிலும் கோளாறு இல்லை. பெட்டிக்குள் வந்த கேபிளும் அந்த மடித்த தாளும்தான் எங்களை அலைய விட்டன. அதனால் போர்டுக்குத் தனியாக, பெட்டிக்குத் தனியாக மதிப்பெண் கொடுக்கிறேன். இரண்டையும் சேர்த்து ஒரே நட்சத்திரக் கணக்கில் போட்டால் போர்டைச் செய்தவர்களுக்கு நியாயம் இல்லாமல் போய்விடும்.

வாங்கிய காரணம் கறிவேப்பிலை. தீபாவளிக்குச் சுங்கை பட்டாணியில் அம்மா வீட்டுக்குப் போய் ஐந்து நாள் கழித்துத் திரும்பினால், பினாங்கில் ரெலாவ் அடுக்குமாடியில் எங்கள் வாசலில் பெயிண்ட் வாளியில் நின்ற செடி சருகாகிக் கிடந்தது. நான்கு வருடம் வளர்த்த செடி. மகள் படிவம் 2 படிக்கிறாள், பள்ளியில் ஆர்பிடி (வடிவமைப்பும் தொழில்நுட்பமும்) பாடம் அவளுக்குப் பிடித்த பாடம். "அம்மா, தண்ணி ஊத்துறதுக்கு நம்மளே ஒன்னு செய்யலாமா?" என்று கேட்டாள். எனக்கும் ஆசைதான். பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் பதினெட்டு வருடம் வேலை பார்த்தவள் நான், பூதக்கண்ணாடிக்கு அடியில் போர்டைப் பார்த்து சோல்டர் சரியில்லாத இடத்தைத் திருத்துவதுதான் வேலை. 1972-இல் அங்கே சுதந்திர வர்த்தக வட்டாரம் தொடங்கியது, அமெரிக்காவுக்கு வெளியே இன்டெல் தன் முதல் தொழிற்சாலையை அந்த வருடம் அங்கேதான் போட்டது, அன்றிலிருந்து இந்தத் தீவிலும் அக்கரையில் பிறை, பட்டர்வொர்த் பக்கமும் நம் பெண்கள் எத்தனையோ பேர் இந்த வேலையைப் பார்த்துப் பிள்ளைகளைப் படிக்க வைத்திருக்கிறார்கள். ஆகவே போர்டு எனக்குப் புதிது இல்லை. ஆனால் போர்டுக்குள் புரோகிராம் ஏற்றுவது எங்கள் வரிசையில் நடந்ததே இல்லை, அது வேறு பிரிவு, வேறு ஆட்கள்.

தாளில் நான்கே நான்கு படிகள். ஆர்டுயினோ ஐடிஇ (புரோகிராம் எழுதிப் போர்டில் ஏற்றும் மென்பொருள்) போடவும், ஈஎஸ்பி32 போர்டைச் சேர்க்கவும், போர்ட்டை (போர்டைச் செருகிய கணினி வாயில்) தேர்வு செய்யவும், அப்லோட் அழுத்தவும். அவ்வளவுதான். பின்பக்கம் ஒரு வயரிங் படம். தெரிந்தவருக்கு அந்த நான்கு வரி போதும், நான் மறுக்கவில்லை. ஆனால் தெரிந்தவர் 89 வெள்ளி கொடுத்துத் தொடக்கப் பெட்டி வாங்க மாட்டாரே, தனிப் போர்டை அதில் மூன்றில் ஒரு பங்கு விலைக்கு வாங்கிக்கொள்வாரே.

முதல் படி சுலபமாக முடிந்தது. ஆர்டுயினோ 2005-இல் இத்தாலியில் இவ்ரேயா என்ற ஊரில், எலெக்ட்ரானிக்ஸ் படிக்காத வடிவமைப்பு மாணவர்களும் பயன்படுத்த வேண்டும் என்று தொடங்கப்பட்டது. மென்பொருள் இலவசம், எங்கள் பழைய மடிக்கணினியில் பிரச்சினை இல்லாமல் ஏறியது. இரண்டாம் படிதான் முதல் இரவை முழுசாக எடுத்துக்கொண்டது. ஈஎஸ்பி32 சிப்பைச் செய்வது ஷாங்காயில் இருக்கும் எஸ்பிரெசிஃப். ஆர்டுயினோ மென்பொருளுக்கு அந்தச் சிப்பை அறிமுகப்படுத்த, பிரிஃபரன்சஸ் என்ற இடத்துக்குப் போய் எஸ்பிரெசிஃப் தரும் ஒரு நீளமான இணைய முகவரியை ஒட்ட வேண்டும், பிறகு போர்டுகளின் பட்டியலான போர்ட்ஸ் மேனேஜரில் ஈஎஸ்பி32 என்று தேடிப் போட வேண்டும். அந்த முகவரி தாளில் இல்லை. முகவரி ஒட்டாமலே தேடினாலும் ஒரு பெயர் வரும், "ஆர்டுயினோ ஈஎஸ்பி32 போர்ட்ஸ்" என்று. அது ஆர்டுயினோவே விற்கும் நானோ ஈஎஸ்பி32 என்ற வேறொரு போர்டுக்கானது. மகள் அதைத்தான் போட்டாள், யாராக இருந்தாலும் அதைத்தான் போடுவார்கள், பெயர் அப்படி இருக்கிறது. பெரிய கோப்பு, இறங்கி முடியவே நேரமாகியது, முடிந்த பிறகு பட்டியலில் பார்த்தால் நம் போர்டு இல்லை. "ஈஎஸ்பி32 பை எஸ்பிரெசிஃப் சிஸ்டம்ஸ்" என்று இருப்பதைப் போட வேண்டும் என்று கண்டுபிடித்து மறுபடியும் இறக்கி முடிக்கும்போது மணி பதினொன்று, மறுநாள் அவளுக்குப் பள்ளி. தாளில் ஒரே ஒரு வரி கூடுதலாக அச்சடித்திருந்தால் அந்த இரவு மிச்சம்.

இரண்டாம் இரவு போர்டைக் கணினியில் செருகினோம். சிவப்பு விளக்கு எரிந்தது, எங்களுக்குச் சந்தோஷம். மென்பொருளில் போர்ட் பட்டியலைத் திறந்தால் ஒன்றுமே இல்லை. கழற்றிச் செருகினோம், அடுத்த ஓட்டையில் செருகினோம், கணினியை அணைத்துப் போட்டோம். விளக்கு மட்டும் ஒவ்வொரு முறையும் நன்றாக எரிகிறது. ஒன்றரை மணி நேரம் போனது. அப்போதுதான் மகள் கேட்டாள், "நான் எதையாவது கெடுத்துட்டேனாம்மா?" என்று.

இந்த விமர்சனத்தை நான் எழுதுவதே அந்தக் கேள்விக்காகத்தான். பதினான்கு வயதுப் பிள்ளை, சொன்னதைச் சொன்னபடி செய்திருக்கிறாள், வேலை நடக்கவில்லை என்றதும் முதலில் தன்னைத்தான் சந்தேகப்படுகிறாள். கேபிள் மேல் சந்தேகம் வரவில்லை, தாளின் மேல் சந்தேகம் வரவில்லை. "30 நிமிடத்தில் தயார்" என்று எழுதி விற்பவர்கள் இதை யோசிக்க வேண்டும். அந்த வாக்கியத்தை நம்பிய பிள்ளை ஒன்றரை மணி நேரத்துக்குப் பிறகு என்ன நினைக்கும்? இது நமக்கு வராது என்றுதான் நினைக்கும். அதோடு பெட்டியை மூடி அலமாரிக்கு மேல் வைத்துவிடும், எத்தனை வீட்டில் அப்படி ஏறிக் கிடக்கிறதோ.

மறுநாள் வேலை முடிந்து வரும் வழியில் ஜார்ஜ்டவுனில் ஒரு பழைய எலெக்ட்ரானிக் சாமான் கடையில் நுழைந்தேன். எண்பது வயது இருக்கும் தவுக்கே, கடை முதலாளி. போர்டையும் கேபிளையும் மேசையில் வைத்ததும் போர்டைத் தொடவே இல்லை, கேபிளை மட்டும் எடுத்து விரலால் உருட்டிப் பார்த்தார். "இனி சாஸ் சஜா, டேட்டா தாடா" என்றார் மலாயில். சார்ஜ் ஏற்ற மட்டும்தான், டேட்டா போகாது என்று அர்த்தம். மெலிசாக இருப்பதிலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. ஆறு வெள்ளிக்கு வேறொரு கேபிள் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து புதுக் கேபிளைச் செருகியதும் கணினியில் 'டிங்' என்று ஒரு சத்தம் வந்தது. அந்தச் சத்தம் முந்தின இரவு ஒரு தடவைகூட வரவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. மகளுக்குப் புரிய வேண்டும் என்று பழைய கேபிளைக் கத்தரித்து மேல் தோலை உரித்துக் காட்டினேன். உள்ளே சிவப்பு ஒன்று, கறுப்பு ஒன்று, அவ்வளவுதான். வீட்டில் கிடந்த இன்னொரு அறுந்த கேபிளை உரித்தோம், அதில் சிவப்பு, கறுப்போடு பச்சையும் வெள்ளையும் இருந்தன. மின்சாரம் போக இரண்டு கம்பி போதும், பேச்சு போக மற்ற இரண்டும் வேண்டும். நான்கு கம்பியையும் தாளில் ஒட்டி, பக்கத்தில் அவளே தமிழில் பெயர் எழுதி வைத்திருக்கிறாள். "அப்ப நான் கெடுக்கல" என்றாள். இல்லம்மா, நீ ஒன்றும் கெடுக்கவில்லை.

டேட்டா கேபிளுக்கும் சார்ஜ் கேபிளுக்கும் கடைக்காரருக்கு எவ்வளவு வித்தியாசம் வரும்? சில காசு. தொடக்கப் பெட்டியில் சார்ஜ் கேபிளைப் போடுவதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

'டிங்' வந்தும் போர்ட் வரவில்லை. செருகிய கருவிகளைக் காட்டும் டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் குறி. அதாவது ஏதோ செருகியிருக்கிறது என்று கணினிக்குத் தெரிகிறது, என்னவென்று தெரியவில்லை. அதை அடையாளம் காட்ட டிரைவர் என்ற சின்ன மென்பொருள் வேண்டும். தாளின் ஓரத்தில் பொடி எழுத்தில் "சிபி2102 டிரைவர்" என்று இருந்தது, அதைத் தேடிப் போட்டோம், மஞ்சள் குறி அசையவில்லை. இந்த இடத்தில் என் பழைய வேலை கைகொடுத்தது. பூதக்கண்ணாடியை எடுத்து யுஎஸ்பி வாய்க்குப் பக்கத்தில் இருக்கும் சின்னச் சிப்பைச் சாய்த்து வெளிச்சத்தில் பார்த்தேன். நேராகப் பார்த்தால் அந்த எழுத்து தெரியாது, ஒரு பக்கமாகச் சாய்த்தால்தான் தெரியும். சிஎச்340 என்று இருந்தது. சிபி2102 அமெரிக்க சிலிக்கான் லேப்ஸ் செய்வது, சிஎச்340 சீனாவில் டபிள்யூசிஎச் செய்வது, இரண்டுக்கும் வேலை ஒன்றுதான், யுஎஸ்பி வழியாகக் கணினியோடு பேசுவது, டிரைவர் வேறு. விற்பவர் போர்டை மாற்றியிருக்கிறார், தாளை மாற்றவில்லை. சிஎச்340 டிரைவரைப் போட்டதும் காம்5 என்று போர்ட் வந்து நின்றது. உங்கள் போர்டு எதுவாக இருந்தாலும் தாளை நம்பாதீர்கள், சிப்பின் மேல் எழுதியிருப்பதைப் படியுங்கள். கைப்பேசி கேமராவில் பெரிதாக்கிப் பார்த்தாலே தெரியும்.

சரி, போர்ட் வந்துவிட்டது, போர்டு பட்டியலில் "ஈஎஸ்பி32 டெவ் மாட்யூல்" என்று தேர்வு செய்தோம் (பட்டியல் மிக நீளம், உங்கள் போர்டின் சரியான பெயர் தெரியாவிட்டால் பெரும்பாலும் இதுவே போதும்). விளக்கு சிமிட்டும் உதாரணப் புரோகிராமை எடுத்தால் அது கம்பைல் (சிப்புக்குப் புரியும் வடிவத்துக்கு மாற்றுவது) ஆகவில்லை. டெவ் மாட்யூல் என்ற பொதுப் பெயரில் விளக்கு எந்தப் பின்னில் (சிப்பின் எண் போட்ட கால்) இருக்கிறது என்று சொல்லி வைத்திருக்க மாட்டார்கள், போர்டுக்குப் போர்டு மாறும். எங்கள் போர்டில் நீல விளக்கு பின் 2-இல் இருந்தது, இந்த வகைப் போர்டில் பல அப்படித்தான். அதைப் போட்டதும் கம்பைல் ஆயிற்று. முதல் தடவை கம்பைல் ஆக ரொம்ப நேரம் எடுக்கும், அது இயல்பு, பயந்து நிறுத்திவிடாதீர்கள்.

அடுத்து திரையில் "கனெக்டிங்" என்று வந்து புள்ளி புள்ளியாக ஓடியது. மகள் புள்ளிகளை எண்ணிக்கொண்டிருந்தாள். கடைசியில் சிவப்பு எழுத்தில் போர்டோடு இணைய முடியவில்லை, பூட் மோடு தவறு என்று ஒரு செய்தி. மறுபடி, மறுபடி, அதே செய்தி. அண்ணன் மகன் பெர்மாத்தாங் பாவ் பாலிடெக்னிக்கில் படிக்கிறான், அவனுக்குப் போன் போட்டோம். "அத்தை, போர்டுல ரெண்டு பட்டன் இருக்கும் பாருங்க. பூட்னு எழுதியிருக்கறத அமுக்கிப் பிடிச்சுக்கிட்டே அப்லோட் குடுங்க, புள்ளி ஓட ஆரம்பிச்சதும் விட்டுருங்க" என்றான். மகள் பட்டனை அழுத்திக்கொண்டாள், நான் அப்லோட் அழுத்தினேன், இரண்டாவது புள்ளியில் கையை எடுத்தாள், சதவீதம் ஓட ஆரம்பித்தது. நீல விளக்கு ஒரு நொடி எரிந்து ஒரு நொடி அணைந்து, எரிந்து, அணைந்து. வீட்டில் அதற்கு முன்பு அப்படி யாரும் கைதட்டியதாக எனக்கு ஞாபகம் இல்லை.

பட்டன் ஏன் வேண்டும் என்று சொல்லிவிடுகிறேன், காரணம் தெரிந்தால் மறக்காது. இந்தச் சிப் விழித்துக்கொள்ளும்போது தன் பூஜ்யமாம் பின்னைப் பார்க்கும். அது கிரவுண்டோடு (மின்சுற்றின் பூஜ்ய வோல்ட் பக்கம்) சேர்ந்திருந்தால் புதுப் புரோகிராம் வாங்கக் காத்திருக்கும், இல்லாவிட்டால் உள்ளே ஏற்கெனவே இருப்பதை ஓட்டும். பூட் பட்டன் அந்தப் பின்னைக் கிரவுண்டோடு சேர்க்கிறது. நல்ல போர்டில் இதைக் கணினியே செய்துகொள்ளும்படி இரண்டு டிரான்சிஸ்டர் போட்டிருப்பார்கள், நம் கை படவே தேவையில்லை. சில மலிவுப் போர்டில் அந்த நேரக்கணக்கு கொஞ்சம் பிசகும். அதற்கு மருந்து, சிப்பை மறுதொடக்கம் செய்யும் ஈஎன் பின்னுக்கும் கிரவுண்டுக்கும் நடுவில் 10 மைக்ரோஃபாரட் கப்பாசிட்டர் ஒன்று. நீளக் கால் ஈஎன் பக்கம், குட்டைக் கால் கிரவுண்டு பக்கம். தவுக்கே கடையில் அது இருபது காசு. சனிக்கிழமை காலை சோல்டர் இரும்பை எடுத்து நானே வைத்தேன், மகள் பக்கத்தில் நின்று பார்த்தாள், அம்மா தொழிற்சாலையில் என்ன செய்தேன் என்று அவள் கண்ணால் பார்த்தது அன்றுதான். அதற்குப் பிறகு பட்டனைத் தொட வேண்டிய தேவை வரவே இல்லை. சோல்டர் தெரியாதவர்கள் பிரெட்போர்டிலேயே செருகிக்கொள்ளலாம்.

மீதி எல்லாம் அன்றைக்கே நடந்தது. போர்டு அனுப்பும் எழுத்தைக் காட்டும் சீரியல் மானிட்டரில் முதலில் வெறும் கிறுக்கல் வந்தது, வேகத்தை 9600-இலிருந்து 115200-க்கு மாற்றியதும் எழுத்தாக மாறியது. பஸ்ஸர் புரோகிராம் பழையது, ஈஎஸ்பி32 தொகுப்பு 2024-இல் 3.0 பதிப்புக்கு வந்தபோது அதில் இருக்கும் 'எல்இடிசி செட்டப்' என்ற கட்டளையையே எடுத்துவிட்டார்கள், அதற்குப் பதிலாக 'எல்இடிசி அட்டாச்' எழுத வேண்டும். பம்ப் ஓட ஆரம்பித்ததும் போர்டு அடிக்கடி தானே மறுதொடக்கம் ஆனது, "பிரவுன்அவுட்" (மின்னழுத்தம் குறைந்துவிட்டது) என்று செய்தி வந்தது, மடிக்கணினியின் யுஎஸ்பியிலிருந்து பம்புக்கும் சேர்த்து மின்சாரம் எடுத்தால் அப்படித்தான் ஆகும், பம்புக்குத் தனி 5 வோல்ட் அடாப்டர் வைத்தோம், நின்றுவிட்டது. வைஃபையில் சேராமல் அடம்பிடித்ததற்குக் காரணம், இந்தச் சிப்புக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான் தெரியும், நாங்கள் கொடுத்த பெயர் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையுடையது.

ஆனால் சென்சார் விஷயத்தை மட்டும் அப்படிக் கடந்து போக முடியாது, அது தாளில் இருக்கும் பிழை. பின்பக்கப் படத்தில் ஈர சென்சாரைப் பின் 4-இல் சேர்க்கச் சொல்லியிருக்கிறது. வைஃபை இல்லாமல் ஓட்டினால் எண் சரியாக வருகிறது. வைஃபையைச் சேர்த்ததும் எண் தாறுமாறாகப் போய்விடுகிறது, மண்ணைத் தண்ணீரில் முக்கினாலும் ஒன்றுதான், காய்ந்த மண்ணில் குத்தினாலும் ஒன்றுதான். இந்தச் சிப்பில் இப்படி அளவு பார்க்கும் பிரிவு இரண்டு இருக்கிறது, இரண்டாவது பிரிவை வைஃபை தனக்கு எடுத்துக்கொள்ளும். பின் 4 அந்த இரண்டாவது பிரிவைச் சேர்ந்தது. 32-லிருந்து 39 வரை இருக்கும் பின்கள் முதல் பிரிவு, அவற்றுக்கு இந்தத் தொல்லை இல்லை. 34-க்கு மாற்றினோம், அதோடு சரியாகிவிட்டது. வைஃபையில் ஓடும் செடிக் கருவி என்று சொல்லி விற்கும் பெட்டியில், வைஃபையோடு ஓடவே முடியாத பின்னைப் படம் போட்டுக் காட்டியிருக்கிறார்கள் என்றால், இந்தப் படத்தை வரைந்தவர் ஒரு தடவையாவது செய்து பார்த்தாரா என்று கேட்க எனக்கு உரிமை இருக்கிறது. தொழிற்சாலையில் ஒரு போர்டைச் சோதிக்காமல் அடுத்த ஆளிடம் தள்ளினால் சூப்பர்வைசர் விடமாட்டார்.

தமிழ் பற்றி ஒரு வார்த்தை, நம் பிள்ளைகள் வைத்துப் பார்ப்பார்கள் என்பதால். புரோகிராம் கோப்புக்குக் "கறிவேப்பிலை" என்று தமிழில் பெயர் வைக்க முடியாது, ஆங்கில எழுத்து, எண், அடிக்கோடு மாதிரி சிலதுதான் ஒத்துக்கொள்ளும். விண்டோஸில் பயனர் பெயரே தமிழில் இருந்தால் சில சமயம் கம்பைலர் தடுமாறும், அதற்கு மட்டும் ஆங்கிலத்தில் ஒரு பயனர் கணக்கு வைத்துக்கொள்வது நல்லது. ஆனால் புரோகிராமுக்கு உள்ளே மேற்கோள் குறிக்குள் தமிழ் எழுதலாம். மகள் அப்படித்தான் எழுதினாள். சென்சாரை வெளியே எடுத்துத் துடைத்ததும் திரையில் "தாகமா இருக்கு" என்று வந்தது, தண்ணீர் டம்ளரில் வைத்ததும் "போதும் போதும்" என்று வந்தது. குறிப்புகளையும் தமிழிலேயே எழுதிக்கொண்டே போகிறாள், இந்த வரி எதற்கு, இந்த எண் எங்கிருந்து வந்தது என்று. காய்ந்த மண்ணில் எங்கள் சென்சார் 2900 பக்கம் காட்டுகிறது, நனைந்த மண்ணில் 1400 பக்கம். 2500-ஐத் தாண்டினால் பம்ப் மூன்று நொடி ஓட வேண்டும் என்று அவளே முடிவு செய்தாள்.

இப்போது மதிப்பெண். போர்டுக்கு ஐந்துக்கு நாலரை. 240 மெகாஹெர்ட்ஸில் ஓடும் இரண்டு கோர், வைஃபை, புளூடூத் எல்லாம் உள்ளங்கையில் பாதி அளவில், 2016-இல் வந்த சிப் இன்னும் இந்த விலைக்குக் கிடைக்கிறது என்றால் நமக்கு அதிர்ஷ்டம். அரை மதிப்பெண் குறைத்தது பூட் பட்டனுக்காக. சென்சார், பம்ப், ரிலே எல்லாம் ஐந்துக்கு நான்கு, பம்ப் கொஞ்சம் சத்தம் போடுகிறது. பெட்டிக்கு, அதாவது கேபிளுக்கும் தாளுக்கும் அந்த "30 நிமிடத்தில் தயார்" என்ற வாக்குக்கும், ஐந்துக்கு ஒன்று.

யார் வாங்கலாம்? பக்கத்தில் கேட்க ஒரு ஆள் இருந்தால் தாராளமாக வாங்கலாம். ஆனால் பெட்டியாக வேண்டாம், போர்டைத் தனியாக, சென்சாரைத் தனியாக, டேட்டா கேபிளைக் கடையில் நேரில் கேட்டு வாங்குங்கள், செலவு குறைவாக வரும். கோலாலம்பூரில் இருப்பவர்களுக்கு ஜாலான் பாசார் பக்கம் எலெக்ட்ரானிக் கடைகள் வரிசையாக இருக்கின்றன, போய் நின்று கேட்டால் சொல்லித் தருகிறவர்கள் கிடைப்பார்கள். பிள்ளை ரொம்பச் சிறியது, தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆறாம் ஆண்டு என்றால் ஈஎஸ்பி32-இல் தொடங்க வேண்டாம் என்பது என் கருத்து. இங்கே பினாங்கிலேயே இருக்கும் சைட்ரோன் நிறுவனம் செய்கிற மேக்கர் யூனோ போர்டு மாதிரி ஒன்று அதற்குப் பொருத்தம், போர்டிலேயே விளக்குகளும் பஸ்ஸரும் பட்டனும் இருக்கும், வயர் எதுவும் செருகாமலே விளக்கு ஓட்டிப் பார்க்கலாம். அதில் வைஃபை கிடையாது, ஆனால் முதல் மாதத்துக்கு வைஃபை யாருக்கு வேண்டும்.

விற்றவருக்கு எழுதினேன். கேபிளை மாற்றுங்கள், சிப்பின் சரியான பெயரைப் போடுங்கள், அந்த இணைய முகவரியை அச்சடியுங்கள், பூட் பட்டனைப் பற்றி ஒரு வரி எழுதுங்கள், பின் 4-ஐ 34 ஆக்குங்கள், மலாயிலும் தமிழிலும் சீனத்திலும் ஆளுக்கு ஒரு பக்கம் போட்டால் இன்னும் நல்லது, தமிழ்ப் பக்கத்தை நானே இலவசமாக எழுதித் தருகிறேன் என்றும் சொன்னேன். கருத்துக்கு நன்றி, அடுத்த முறை கவனிக்கிறோம் என்று பதில் வந்தது. கேபிளுக்கு ஆறு வெள்ளி திருப்பித் தருவதாகவும் சொன்னார்கள், அது வேண்டாம், அந்தக் காசுக்கு அடுத்த பெட்டியில் நல்ல கேபிள் போடுங்கள் என்று சொல்லிவிட்டேன். பதில் சொல்லவாவது செய்தார்களே, அதற்காக ஒன்றை ஒன்றரை ஆக்குகிறேன்.

பக்கத்து வீட்டு அக்கா புதுக் கன்று ஒன்று கொடுத்திருக்கிறார், அதே வாளியில் வைத்திருக்கிறோம், நான்கு இலை விட்டிருக்கிறது. வரும் பள்ளி விடுமுறையில் மூன்று நாள் சுங்கை பட்டாணி போகிறோம். பம்ப் வாளியில் தண்ணீரை நிரப்பி வைத்துவிட்டுத்தான் கிளம்புவோம், திரும்பி வந்ததும் கன்று எப்படி இருந்தது என்று இதிலேயே சேர்த்து எழுதுகிறேன்.